920 யூரோவுக்கு நான் போட்ட ஆப்பிள் ஒயின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வீட்டில் ஆப்பிள் ஒயின் செய்வது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரை இல்லை. எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு வேண்டுமானால் உதவும். ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து எஸ்6 புறநகர் ரயிலில் வடக்கே போனால் வரும் சின்ன ஊர்களில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். 2022 செப்டம்பரில் நான் ஆசையாக ஆரம்பித்த ஒரு வேலை, 2023 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பெரிய சத்தத்தோடு முடிந்தது. நடுவில் போன காசு 920 யூரோ. கெட்ட பெயர் தனிக் கணக்கு. யாராவது ஒருவர் முன்னாடியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. இங்கே புதிதாக வந்து, சாலையோரம் எல்லாம் ஆப்பிள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்துக் கை அரிக்கிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

பெயரில் ஒயின் இருந்தாலும் திராட்சை ஒயினை மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் ஏமாந்துபோவீர்கள். ஃபிராங்க்ஃபர்ட் பேச்சில் இதற்கு எப்பல்வோய் என்று பெயர். ஆல்கஹால் சுமார் 5 முதல் 7 சதவீதம்தான். இனிப்பு கொஞ்சமும் கிடையாது; நல்ல புளிப்பு, அடித்தொண்டையில் லேசான துவர்ப்பு. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் ஸாக்ஸன்ஹவுஸன் பகுதிதான் இதற்குப் பேர்போன இடம். நீளமான பெஞ்சில் முன்பின் தெரியாதவர்களோடு ஒட்டி உட்கார வேண்டும். பெம்பல் என்ற ஜாடியில் கொண்டுவந்து வைப்பார்கள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியைச் சாம்பல் நிறத்தில் செய்து, நீலத்தில் பூ வரைந்து, ஒரு கைப்பிடியும் வைத்தால் அதுதான் பெம்பல். எத்தனை கிளாஸ் கொள்ளும் என்பதுதான் அதன் அளவு. கிளாஸின் மேல் சாய்சதுரக் கட்டங்களாக வெட்டு இருக்கும். சாப்பிட்ட எண்ணெய்க் கையோடு பிடித்தாலும் வழுக்காது என்று அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில், திராட்சையில் செய்யாததை ஒயின் என்று சொல்லக் கூடாது என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஃபிராங்க்ஃபர்ட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலத்துக்காரர்கள் கொந்தளித்த வேகத்தில் அது அப்படியே அடங்கிப்போனது. 2022இல் ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் கைப்பக்குவ ஆப்பிள் ஒயினைச் சேர்த்துவிட்டார்கள். நான் முதல்முறை குடித்தபோது கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றியது. மூன்றாவது கிளாஸில் பிடித்துவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தானாம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். வருடா வருடம் முன்னூறு லிட்டர் போடுகிறவர். ஒருநாள் அவர் வீட்டு முற்றத்தில் நின்று ருசி பார்த்துவிட்டு, எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அதுல என்ன இருக்கு? சாறு பிழிஞ்சு ஊத்தி வெச்சா தானாவே ஆகிடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவன் நான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள் என்பது சின்ன வயதிலேயே தெரியும். புளிப்பதற்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லையே. ஆனால் கள் அன்றே இறக்கி அன்றே தீர்கிற சமாச்சாரம். இது ஏழெட்டு மாதம் உங்கள் வீட்டுக்குள் உயிரோடு இருக்கப்போகிற பொருள். இந்த ஒரு வித்தியாசம் அப்போது மண்டையில் ஏறவில்லை. பெரியவர் பொய் சொல்லவில்லை. ஐம்பது வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலைகளை அவர் வேலையாகவே நினைப்பதில்லை, அவ்வளவுதான். உள்ளூர்க்காரர் யாராவது "தானாவே ஆகிடும்" என்று சொன்னால், சரி என்று வந்துவிடாதீர்கள். அவர் செய்யும்போது கூட ஒருநாள் நில்லுங்கள்.

ஆப்பிள் பொறுக்கப் போனதிலேயே முதல் அடி விழுந்தது. ஊருக்கு வெளியே புல்வெளிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழைய ஆப்பிள் மரங்கள் நிற்கும். வேலி கிடையாது, ஆள் கிடையாது, கீழே மெத்தை மாதிரி பழம். யாருக்கும் வேண்டாம் போல என்று இரண்டு சாக்கு நிரப்பினேன். டிராக்டரில் ஒருவர் வந்து நின்றார். கத்தவில்லை. இறங்கி வந்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, இது யாருடைய மரம் தெரியுமா என்று கேட்டார். காது சுட்டுவிட்டது. சாக்கைக் கொட்டிவிட்டுத் திரும்பினேன். வேலி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. கேட்காமல் எடுத்தால் அது திருட்டுதான். பசிக்கு இரண்டு பழம் பறித்தால் தனியாகச் சின்னக் குற்றமாகப் பார்க்கிற பழைய சட்டப் பிரிவுகூட 1975லேயே போய்விட்டது. மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தால் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று அர்த்தம்; பல ஊர்களில் இப்போது இந்த வழக்கம் இருக்கிறது. இன்னொரு வழி, ஊராட்சி தன் மரங்களின் விளைச்சலை இலையுதிர் காலத்தில் ஏலம் விடுவது. நான் அப்படித்தான் மரம் 10 யூரோ என்று மூன்று மரம் எடுத்தேன். நம் ஊரில் கண்மாய்க்கரைப் புளியமரத்தை ஏலம் எடுப்பார்களே, அதே கதை. எடுத்த அன்று இருந்த பெருமை இருக்கிறதே, அதற்கே 30 யூரோ தகும்.

பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கித் தின்கிற பளபளப்பான இனிப்பு ஆப்பிள் இதற்கு உதவாது. ஒயின் சப்பென்று போய்விடும். போன்ஆப்ஃபெல், போஸ்கோப் மாதிரி கடித்தால் முகம் கோணுகிற பழைய ரகங்கள்தான் வேண்டும். ஷ்பையர்லிங் என்று ஒரு அரிய மரம் உண்டு. அதன் பழம் குட்டிப் பேரிக்காய் அளவுதான் இருக்கும், காயாகக் கடித்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். அதன் சாற்றைக் கொஞ்சம் சேர்த்தால் ஒயின் தெளியும், கெடாமல் நிற்கும் என்று அந்தக் காலத்திலிருந்தே சேர்க்கிறார்கள். நானும் தேடினேன், கிடைக்கவில்லை. கீழே விழுந்த பழத்தை எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் ஆடு மாடு மேய்கிற புல்வெளி என்றால் மரத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். அடிபட்ட பழுப்பு பரவாயில்லை. நீலப் பூஞ்சணம் பிடித்ததை முழுசாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுச் சேர்க்கலாம் என்று கஞ்சத்தனம் வேண்டாம். அந்தப் பூஞ்சணம் விடுகிற நச்சு பழத்துக்குள் பரவியிருக்கும்.

250 கிலோ சேர்ந்தது. வேன் ஒன்றை 70 யூரோவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை சாறு பிழிகிற இடத்துக்குப் போனேன். அது நம் ஊர் ரைஸ்மில் மாதிரிதான். உங்கள் பழத்தைக் கொண்டுபோனால் பிழிந்து சாறாகக் கொடுப்பார்கள், லிட்டருக்கு இவ்வளவு என்று கூலி. வாசலில் பதினைந்து வண்டி வரிசை. என் முறை வந்ததும் "உங்க நேரம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். முன்பதிவு செய்ய வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அடுத்த இடம் ஐந்து நாள் கழித்துத்தான். ஆப்பிளைச் சாக்கிலேயே கட்டி பால்கனியில் வைத்திருந்தேன். காற்றோட்டம் இல்லாமல் வெந்ததுபோல ஆகி, 40 கிலோ அழுகிப்போனது. பழத்தைப் பறிப்பதற்கு முன்னால் பிழிகிற நாளைப் பதிவு செய்யுங்கள், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் மட்டும் பறியுங்கள். கூப்பிடும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். ஒன்று, என் பழத்தின் சாறே எனக்கு வருமா, அல்லது பொதுத் தொட்டியில் கலந்து எடைக்கு ஏற்ப வேறு சாறு தருவீர்களா? தன் பழத்தின் சாறே வேண்டுமென்றால் பல இடங்களில் குறைந்தபட்ச எடை உண்டு. இரண்டு, சூடாக்காமல் தருவீர்களா? வழக்கமாகக் கிட்டத்தட்ட 80 டிகிரிக்குச் சூடாக்கிப் பையில் அடைத்துக் கொடுப்பார்கள். வீட்டில் வைத்துக் குடிக்க அது நல்லது. ஒயினுக்குப் பச்சைச் சாறுதான் கேட்க வேண்டும்.

210 கிலோவில் 140 லிட்டர் வந்தது. 100 லிட்டர் பச்சையாக 45 யூரோ, மீதி 40 லிட்டர் சூடாக்கி எட்டுப் பைகளில் 44 யூரோ. அந்த எட்டுப் பை மட்டும்தான் இந்தக் கதையில் ஒழுங்காக முடிந்த விஷயம். பிள்ளைகள் கிறிஸ்துமஸ் வரை குடித்தார்கள்.

அப்புறம் கெல்லர். இங்கே நிலவறையை நாம் தமிழில் பேசும்போதும் கெல்லர் என்றுதான் சொல்கிறோம். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஒரு தடுப்பு. நடுவில் சுவர் இல்லை, விரலிடை விட்டு அடித்த மரச்சட்டங்கள்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 54 லிட்டர் கண்ணாடிக் குடுவை இரண்டு 90 யூரோவுக்கும், ரப்பர் அடைப்பு, ஈஸ்ட், குழாய் வகையறா 35 யூரோவுக்கும் வாங்கினேன். அடைப்பின் நடுவில் வளைந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் செருகி, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே உண்டாகும் வாயு குமிழ் விட்டு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. ஒரு குடுவையைக் கழுத்து வரை நிரப்பினேன். மூன்றாம் நாள் நுரை பொங்கி, குழாயை அடைத்து, அடைப்பையே தூக்கி எறிந்துவிட்டது. தரையெல்லாம் பிசுக்கு, எங்கிருந்துதான் வந்தனவோ, பழ ஈக்கள் கூட்டம் கூட்டமாக. ஆரம்பத்தில் குடுவையில் பத்தில் ஒரு பங்காவது காலியாக விட வேண்டும். பொங்கல் பானைக்குத் தெரிந்த இந்தக் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ரௌஷர் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிழிந்த புதுச் சாறு இனிப்பாக இருக்கும். பாதி புளித்து, கலங்கலாக, குமிழ் விட்டுக்கொண்டு இருக்கும் நிலைக்கு ரௌஷர் என்று பெயர். இனிப்பும் புளிப்பும் சரிபாதியாக, அவ்வளவு ருசி. அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் மூன்று கிளாஸ் இறக்கிவிட்டு ஃபிராங்க்ஃபர்ட் போக ரயில் ஏறினேன். ரௌஷர் வயிற்றைச் சுத்தம் செய்வதில் பேதி மாத்திரைக்குச் சமம் என்பது இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்து எஸ் வகை ரயில்களில் கழிப்பறை கிடையாது என்பதும் உங்களுக்குத் தெரியும். மீதியை நான் எழுதப்போவதில்லை. ஒரு கிளாஸோடு நிறுத்துங்கள், அன்று வீட்டிலேயே இருங்கள்.

சிரிப்பை விடுங்கள், அடுத்து வருவதுதான் முக்கியம். அக்டோபர் கடைசியில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் கெல்லருக்குப் போனேன். எங்கள் தடுப்பு மூலையில் இருக்கிறது, ஜன்னல் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, குமிழ் வருவதை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் தலை கனத்தது. மாடிப்படி ஓடி ஏறினவனுக்கு மாதிரி மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஏதோ காய்ச்சல் வருகிறது என்று நினைத்து எழுந்து வந்துவிட்டேன். எழுந்தது நல்லதாகப் போயிற்று. மறுநாள் ஆபீஸில் திராட்சைத் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவரிடம் யதேச்சையாகச் சொன்னேன். கையில் இருந்த காபியை அப்படியே மேசையில் வைத்துவிட்டார். புளிக்கும்போது வருவது கார்பன் டை ஆக்சைடு. நிறம் இல்லை, காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். ஒரு லிட்டர் சாறு புளித்து முடிவதற்குள் 25 லிட்டர் வாயுவாவது வெளியே வரும். என்னிடம் 100 லிட்டர் இருந்தது. ஒயின் நிலவறைகளில் இப்படி மயங்கி விழுந்தவர்களும், அவர்களைத் தூக்க இறங்கி அங்கேயே செத்தவர்களும் உண்டு என்றார். அன்று இரவு மனைவியிடம் சொன்னதற்கு, "ஏங்க, ஆப்பிள் ஜூஸுக்கா உயிர விடப் பாத்தீங்க?" என்றாள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஜன்னல் இல்லாத இடத்தில் வைக்காதீர்கள். போகும்போது கதவைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் பிறகு போங்கள், குனிந்து உட்காராதீர்கள், பிள்ளைகளை அனுப்பவே அனுப்பாதீர்கள். மெழுகுவத்தி ஏற்றிப் பார்க்கலாம் என்பார்கள். அது அணைகிற அளவுக்கு வாயு இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறீர்கள்.

டிசம்பரில் குமிழ் நின்றுவிட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான். 12 யூரோ விலையுள்ள ஒரு கருவியை, எதற்கு வீண் செலவு என்று வாங்காமல் விட்டிருந்தேன். நம் ஊர் பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பார்களே, அதே சாதிக் கண்ணாடிக் கருவி. ஓக்ஸ்லே என்ற அளவில் காட்டும். 50 ஓக்ஸ்லே என்றால் ஒரு லிட்டர் சாறு, ஒரு லிட்டர் தண்ணீரைவிட 50 கிராம் அதிகக் கனம். பெரும்பாலும் சர்க்கரைதான் அந்தக் கனம். அப்படிப்பட்ட சாறு முழுசாகப் புளித்தால் ஆல்கஹால் 6 சதவீதத்தை ஒட்டி வரும். புளிக்கப் புளிக்க எண் இறங்கி, கடைசியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து, ஒரு வாரம் ஆனாலும் அசையாமல் நின்றால்தான் முடிந்ததாக அர்த்தம். எனக்கு நடந்தது வேறு. கெல்லரில் குளிர் ஏறவும் ஈஸ்ட் தூங்கிவிட்டது. சர்க்கரை பாதியில் நிற்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தபோது லேசாக இனிப்பு தெரிந்தது. அட, கடையில் விற்பதைவிட நம்முடையது நன்றாக வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்த இனிப்புதான் எச்சரிக்கை மணி. 48 லிட்டரை, கம்பி க்ளிப் போட்டு மூடுகிற ஒரு லிட்டர் பாட்டில்களில் அடைத்தேன். பாட்டிலுக்கு 96 யூரோ. மரப்பலகையில் வரிசையாக அடுக்கி, போட்டோ எடுத்து, அண்ணனுக்கு அனுப்பினேன். அம்மாவிடம் மட்டும் ஆப்பிள் சர்பத் என்று சொல்லச் சொன்னேன்.

ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி இருக்கும். கீழே எங்கோ லட்சுமி வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச இடைவெளி விட்டு இன்னொன்று. அப்புறம் படபடவென்று நாலைந்து. செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கெல்லர் கதவைத் திறந்ததும் புளித்த ஆப்பிள் வாசம் முகத்தில் அடித்தது. ஒரு பாட்டில் வெடித்தால் பக்கத்தில் இருப்பது உடையும், அது வெடித்து அடுத்தது. மொத்தம் பதினோரு பாட்டில். கூரையில் கறை, சுவரில் வழிந்த கோடுகள், தரையெங்கும் சில்லு. மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் கீழ்வீட்டு அம்மாவின் தடுப்பு. அவர் கணவர் இறந்து மூன்று வருடம். கணவருடைய கம்பளிக் கோட்டுகளை அங்கே வரிசையாக மாட்டி வைத்திருந்தார். ஒரு கோட்டின் தோள்பட்டையில், நம் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு நட்டுக்கொண்டு நின்றது. அதன் நுனியிலிருந்து ஒயின் ஒவ்வொரு சொட்டாகக் கீழே இருந்த அட்டைப்பெட்டி மேல் விழுந்துகொண்டிருந்தது. என் மகனுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்குப் போகும் சைக்கிளை எடுக்க இந்த இடத்துக்குத்தான் வருவான். அந்தச் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கால் நடுங்கியது.

நடந்தது இதுதான்: சூடு ஏறியதும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மிச்சச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்திருக்கிறது. 4 கிராம் சர்க்கரைக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் வாயு. லிட்டருக்கு 20 கிராம் மிச்சம் இருந்தாலே, ஷாம்பெயின் வகைக்கென்று தடிமனாகச் செய்த பாட்டில்தான் அந்த அழுத்தத்தைத் தாங்கும். மீதி 37 பாட்டிலும் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். யாராவது இந்த நிலைமையில் மாட்டினால் தயவுசெய்து உடனே தொடாதீர்கள். கதவைப் பூட்டி, வாசலில் எழுதி ஒட்டி, இரவு குளிர்ந்து அடங்கும் வரை விடுங்கள். நான் மறுநாள் விடியற்காலை, பனிச்சறுக்குக் கண்ணாடி, சைக்கிள் ஹெல்மெட், தடித்த ஜாக்கெட், தோல் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலையும் ஈரத் துண்டில் சுற்றி, க்ளிப்பை மெதுவாகத் தள்ளித் திறந்தேன். ஒவ்வொன்றும் நீரூற்று மாதிரி பீய்ச்சியது. முடிக்க இரண்டு மணி நேரம். எல்லாம் சாக்கடைக்கு.

கீழ்வீட்டு அம்மா கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டார். கோட்டுகளை உலர் சலவைக்குக் கொடுத்ததற்கும், நனைந்த பெட்டிகளில் இருந்த பொருட்களுக்குமாக 380 யூரோ. கூரைக்கும் சுவருக்கும் வெள்ளையடிக்க 130. அடுத்தவர் பொருளுக்கு நம்மால் சேதம் வந்தால் ஈடுகட்டுகிற ஹாஃப்ட்ப்ஃப்ளிஷ்ட் காப்பீடு இங்கே கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததற்கு எதற்குக் காசு என்று அதையும் விட்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுதான் ஆகும். ஒயின் போடாவிட்டாலும் அதை எடுத்துவிடுங்கள், நான் இப்போது வருகிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கணக்குக் கூட்டிப் பார்த்தேன்: மரம், வேன், பிழிந்த கூலி, குடுவை, சாமான், பாட்டில் எல்லாம் 410, சேதம் 510. கடையில் லிட்டர் 2 யூரோவுக்குக் கிடைக்கிற சாமான் இது. 460 லிட்டர் வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது குடுவை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டிசம்பரில் வண்டலை விட்டுத் தெளிவை இறுத்து மாற்றியபோது அதில் 40 லிட்டர்தான் இருந்தது. மேலே காலி இடம், அதில் காற்று. குமிழ்க்குழாயில் தண்ணீர் வற்றியதையும் கவனிக்கவில்லை. மார்ச்சில் மேலே மெல்லிய வெள்ளை ஏடு. ஏப்ரலில் முகர்ந்தால் வினிகர். புளிக்கும்போது இடம் விட வேண்டும், புளித்து முடிந்த பின் விளிம்பு வரை நிரப்பி வைக்க வேண்டும். இரண்டையும் நான் தலைகீழாகச் செய்திருந்தேன். இறுத்து மாற்றும்போது 10 லிட்டருக்கு 1 கிராம் கந்தகப் பொடி, அதாவது பொட்டாசியம் டைசல்ஃபைட், போட்டிருந்தால் தப்பித்திருக்கும். பதநீருக்குச் சுண்ணாம்பு எப்படியோ அப்படித்தான் இதற்கு இது. ஆஸ்துமா உள்ளவர்கள் கவனம். வினிகரில் கொஞ்சத்தை வடிகட்டி ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டோம். வினிகராகிப் போவதற்குள் அதைக் காய்ச்சி வடித்திருக்கலாமே, பிரான்ஸில் கால்வடோஸ் என்கிற ஆப்பிள் சாராயம் அப்படித்தானே வருகிறது என்று நண்பன் ஒருவன் யோசனை சொன்னான். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒயின் போட்டுக் குடிப்பதற்கு இங்கே தடை இல்லை. வீட்டில் சாராயம் வடிப்பது, அரை லிட்டர் பொம்மைப் பாத்திரத்தில் என்றாலும், 2018இலிருந்து குற்றம்.

அதற்கு அடுத்த இலையுதிர் காலத்தில் 25 லிட்டர் மட்டும் போட்டேன். பெரியவர் வீட்டுக் கொட்டகையில், ஜன்னல் பக்கம், அவர் கண்ணெதிரே. முதல் வாரம் அவர் எதையும் சொல்லித் தரவில்லை. ஆனால் தினமும் காலையில் கொட்டகைக்குள் வந்து, குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பார், குடுவையைக் கையால் தொட்டுச் சூடு பார்ப்பார், ஈரத்துணியால் கழுத்தைத் துடைப்பார். இதெல்லாம் தினமும் செய்ய வேண்டுமா என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. ஓக்ஸ்லே கருவியை வாங்கிவிட்டேன். மே மாதம் வரை பாட்டில் பக்கமே போகவில்லை. எண் பூஜ்யத்தில் மூன்று வாரம் நின்ற பிறகுதான் அடைத்தேன்.

முதல் பாட்டிலை கீழ்வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே கட்டம் போட்ட கிளாஸ் ஒன்றை எடுத்து வந்து ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு மிடறு குடித்தார். "குடிக்கலாம்" என்றார். ஹெஸ்ஸனில் இதற்கு மேல் யாரும் பாராட்ட மாட்டார்கள் என்று பெரியவர் சொன்னார். கோட்டுகளை மட்டும் அந்த அம்மா திரும்பக் கெல்லரில் மாட்டவில்லை. இன்னும் வீட்டு நடையில்தான் தொங்குகின்றன.